கட்டைப் பையில் இல்லாத ரிப்போர்ட்

தாம்பரத்திலிருந்து பீச் போகும் மின்ரயிலில் காலை பத்து மணிக்கு மேல் ஏறிப் பாருங்கள். ஆபீஸ் கூட்டம் வடிந்த பெட்டியில், மடியில் கட்டைப் பையோடு ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கும். ஏதோ ஒரு ஜவுளிக்கடையின் பெயர் போட்ட பைதான். உள்ளே புடவை இருக்காது. ஆஞ்சியோ எடுத்த சி.டி., எக்கோ ரிப்போர்ட், நாலாக மடித்து ஓரம் கிழிந்த ஈ.சி.ஜி., சர்க்கரை பார்த்த தாள்கள், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையின் ஜெராக்ஸ், ஒரு தண்ணீர் பாட்டில், பிஸ்கட் பாக்கெட். ஜன்னலோரம் அப்பா. எதிரே அம்மாவும் மகனும். ஒரு டாக்டர் பைபாஸ் என்று சொல்லிவிட்டார். இன்னொருவரிடம் காட்டப் போகிறார்கள்.

பேச்சுக் கொடுத்தால் ஒன்று புரியும். நெஞ்சைப் பிளப்பார்களே என்ற பயம் அவர்களுக்கு இரண்டாவதுதான். முதல் பயம் வேறு. "ஆபரேஷன் நல்லா முடிஞ்சாலும் கை கால் விழுந்துடும்னு சொல்றாங்களே சார், நெஜமா?" எல்லாக் குடும்பத்துக்கும் ஒரு பெரியப்பாவோ எதிர்வீட்டுக்காரரோ உதாரணமாக இருப்பார். இதயம் சரியாகி, வாய் கோணி வீடு திரும்பியவர். செத்துப்போவதைவிடப் படுக்கையில் கிடப்பதற்கே நம்மவர்கள் அதிகம் அஞ்சுகிறார்கள். "யாருக்கும் பாரமா இருந்துடக் கூடாது" என்று அப்பாக்கள் சொல்வது சும்மா இல்லை.

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது." சொல்பவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் இதற்கு எண் இருக்கிறது. பைபாஸ் செய்துகொள்ளும் 100 பேரில் ஒருவர் அல்லது இருவருக்குப் பக்கவாதம் வருகிறது. பெரிய ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் கணக்கு இது. இது சராசரி. 50 வயதில் வேறு நோயில்லாமல் மேசைக்கு வருபவருக்கு ஒன்றுக்கும் கீழே இருக்கலாம். ஏற்கெனவே ஒருமுறை வாதம் வந்த 75 வயதுக்காரருக்கு ஐந்தைத் தாண்டலாம். நம் வீட்டு ஆள் இந்த வரிசையில் எங்கே நிற்கிறார் என்று ஆபரேஷனுக்கு முன்பே கணிப்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

தாம்பரத்துக்கும் நெஞ்சு வைத்தியத்துக்கும் பழைய உறவு. 1928-ல் டாக்டர் சௌரி முத்து இங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனை 1937-ல் அரசு வசம் வந்தது. ஒரு ரயில் நிலையத்துக்கே சானடோரியம் என்று பெயர் ஒட்டிக்கொண்டது. பைபாஸ் கதை தொடங்கியது உலகின் இன்னொரு முனையில். அர்ஜென்டினாவிலிருந்து அமெரிக்கா போன ரெனே ஃபவலோரோ, 1967-ல் கிளீவ்லாந்தில் காலிலிருந்து எடுத்த சிரையைக் கொண்டு இதயக் குழாயின் அடைப்பைத் தாண்டிப் பாலம் போட்டார். அடுத்த எட்டாவது ஆண்டில், 1975-ல், பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் வெற்றிகரமான பைபாஸைச் செய்தார். இன்று அதற்குப் பெரம்பூர் வரை போக வேண்டியதில்லை. குரோம்பேட்டையிலும் பெரும்பாக்கத்திலும் கிண்டியிலும் இதயப் பிரிவுகள் வந்துவிட்டன.

ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். சேலையூரில் குடியிருக்கிறார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 69. சர்க்கரை 18 வருஷமாக, பிரஷர் அதற்கும் முன்பிருந்தே. சிகரெட்டை விட்டுப் பத்து வருஷம். ஆஞ்சியோவில் மூன்று குழாயிலும் அடைப்பு. போதாததற்கு இடது முதன்மைக் குழாயிலும் ஒன்று. கற்பனை ஆள்தான், ஆனால் தாம்பரத்தைச் சுற்றி எந்தத் தெருவில் நுழைந்தாலும் இவரைப் பார்க்கலாம்.

இவருக்குப் பக்கவாதம் எந்த வழியாக வரும்?

அதை விளக்க மருத்துவப் படம் தேவையில்லை. பல்லாவரம், மேடவாக்கம், மாடம்பாக்கம் பக்கம் போர் தண்ணீர் வீட்டில் ஒரு வருஷம் குடியிருந்தால் போதும். பக்கெட்டின் உள்ளே வெள்ளைக் கறை, ஹீட்டர் காயிலில் சுண்ணாம்புத் தோல், ஷவரின் பாதித் துளைகளில் அடைப்பு. ஒருநாள் பிளம்பர் மாடியில் பழைய குழாய்க்கு ரெஞ்ச் போட்டுத் திருகுவார். கால் மணி நேரத்தில் கீழே சமையலறைக் குழாய் சொட்டுப் போட ஆரம்பிக்கும். கழற்றிப் பார்த்தால் வலையில் துருவும் சுண்ணாம்புச் சில்லும். அவர் கை வைத்தது மாடியில், அடைத்தது கீழே.

இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனிதான் உடம்பின் மெயின் பைப். வயதும் சர்க்கரையும் புகையும் பிரஷரும் சேர்ந்து அதன் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்புமாகப் படிய வைக்கின்றன. வழக்கமான பைபாஸில் சர்ஜன் அந்தக் குழாயை மூன்று முறையாவது தொட்டாக வேண்டும். ஹார்ட்-லங் மெஷினிலிருந்து ரத்தம் திரும்பி வரும் குழாயைச் செருக வேண்டும். இதயத்தை நிறுத்தி வைத்துத் தைப்பதற்காகப் பெருந்தமனியின் குறுக்கே கிளாம்ப் போட வேண்டும். காலிலிருந்து எடுத்த சிரையின் ஒரு முனையை அதே பெருந்தமனியில் தைக்க வேண்டும். ஒவ்வொரு தொடுதலும் ஒரு ரெஞ்ச் திருகல். அங்கே உதிரும் சில், இதயத்துக்கான இரண்டு சிறு கிளைகளை விட்டால், அடுத்துப் பார்ப்பது மூளைக்கும் கைக்கும் பிரியும் கிளைகளைத்தான். மூளைக்குள் போய்ச் சின்னக் குழாயொன்றில் உட்கார்ந்துகொண்டால் அதுதான் பக்கவாதம்.

1996-ல் அமெரிக்காவில் 24 மருத்துவமனைகளில் 2,108 பைபாஸ் நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று வந்தது. 100-க்கு மூவருக்குப் பக்கவாதமோ அதற்கு ஒப்பான மூளைப் பாதிப்போ வந்தது. இன்னும் மூவருக்குப் புத்தி மந்தம், வலிப்பு போன்ற வேறு தொல்லைகள். முதல் வகைப் பாதிப்பு யாருக்கு வரும் என்பதைச் சொன்னதில் எல்லாக் காரணிகளையும் முந்தி நின்றது பெருந்தமனிப் படிவு. அது இருந்தவர்களுக்கு ஆபத்து நாலரை மடங்கு.

இரண்டாவது வழி கடைமடை. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் தலைமடை வயலுக்குப் பாயும், கடைமடை காயும். மூளையிலும் கடைமடை உண்டு. ஒரு பெரிய குழாயின் ஆட்சி முடிந்து இன்னொன்றின் ஆட்சி தொடங்கும் எல்லைப் பகுதிகள் அவை. ஆபரேஷன் நேரத்தில் ரத்த அழுத்தம் நெடுநேரம் இறங்கியிருந்தால் முதலில் வாடுவது அந்த எல்லைகள்தான். கழுத்திலேயே மதகு பாதி மூடியிருந்தால் வாட்டம் இன்னும் சீக்கிரம்.

மூன்றாவது, தேங்கிய தண்ணீர். இதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும் கோளாறுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். அப்போது இடது மேலறையின் ஓரத்தில் இருக்கும் சிறு பை போன்ற மூலையில் ரத்தம் தேங்கி உறைகிறது, ஏரி மூலையில் ஆகாயத்தாமரை ஒதுங்குவது போல. அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு கிளம்பினால் அதன் பாதையும் மூளை வரைக்கும். (தென்சென்னைக்காரன் எழுதினால் உவமையெல்லாம் தண்ணீராகத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

இந்த மூன்றில் வீட்டுக்காரர்கள் கேட்டுத் தெரிந்து வைத்திருப்பது இரண்டாவதை மட்டும்தான், அதிலும் பாதியை. "கழுத்து ஸ்கேன் எடுத்துட்டோம் சார், நார்மல். அப்ப வாதம் வராதில்ல?" இந்த நம்பிக்கை கொஞ்சம் தளர வேண்டும்.

கழுத்து ஸ்கேன் என்பது டாப்ளர். ஊசி, மருந்து எதுவும் இல்லாத அரை மணி வேலை. செடிக்குத் தண்ணீர் விடும்போது ஹோஸ் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறதே, அதே தத்துவம். குழாய் குறுகின இடத்தில் ரத்தம் வேகமெடுக்கும். விநாடிக்கு 125 சென்டிமீட்டரைத் தாண்டினால் பாதிக்கு மேல் அடைப்பு, 230-ஐத் தாண்டினால் 70 சதவீதத்துக்கு மேல் என்று ஒரு பொது வாய்ப்பாடு வைத்திருக்கிறார்கள். எல்லாருக்கும் இது தேவையா என்பதில் நிபுணர்கள் ஒரே குரலில் பேசுவதில்லை. ஆனால் முன்பு வாதமோ வாதத்தின் சாயலோ வந்தவர், 65 அல்லது 70 வயது தாண்டியவர், இடது முதன்மைக் குழாயில் அடைப்பு உள்ளவர், நெடுநாள் புகைத்தவர், ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் வைத்தால் உஸ்ஸென்ற இரைச்சல் கேட்பவர், கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் பிடித்து நின்றால் விட்டுவிடுபவர் என்று பட்டியல் போட்டால், நம் சேலையூர்க்காரர் அதில் பாதியிலாவது வந்துவிடுகிறார். எடுக்க வேண்டியதுதான்.

எடுத்த பிறகுதான் சிக்கல். கழுத்தில் அடைப்பு இல்லாதவர்களுக்கு பைபாஸில் பக்கவாத ஆபத்து 100-க்கு இரண்டுக்குள். ஒரு பக்கம் பாதிக்கு மேல் அடைப்பு இருந்து அறிகுறி இல்லையென்றால் மூன்று. இரு பக்கமும் என்றால் ஐந்து. ஒரு பக்கம் முழுக்க மூடியிருந்தால் ஏழிலிருந்து பதினொன்று. பழைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2002-ல் வந்த கணக்கு இது. படிக்கும்போது கழுத்துதான் குற்றவாளி என்று தோன்றும். அதே தொகுப்பில் இன்னொரு வரியும் உண்டு: பைபாஸில் வாதம் வந்தவர்களில் பாதிப் பேருக்குக் கழுத்தில் சொல்லும்படியான அடைப்பே இல்லை. வேறு பலருக்கு, கழுத்தில் அடைப்பு இருந்த பக்கம் ஒன்றாகவும் மூளை பாதித்த இடம் வேறாகவும் இருந்தது. கழுத்து அடைப்பு பல சமயங்களில் கொலையாளி அல்ல, சாட்சி. "இந்த உடம்பில் எல்லாக் குழாயும் இப்படித்தான் இருக்கும்" என்று அது சொல்கிறது.

அப்படியானால் கழுத்தையும் சேர்த்தே சுத்தம் செய்துவிடலாமே என்று எந்த மகனுக்கும் தோன்றும். ஜெர்மனியில் செய்தே பார்த்தார்கள். கழுத்தில் கடுமையான அடைப்பு, ஆனால் அறிகுறி எதுவும் இல்லை என்ற நிலையில் இருந்தவர்களில் ஒரு பாதிக்குக் கழுத்தையும் இதயத்தையும் ஒரே மூச்சில் ஆபரேஷன் செய்தார்கள். மறுபாதிக்கு பைபாஸ் மட்டும். 127 பேரோடு ஆய்வு பாதியில் நின்றுவிட்டது, ஆகையால் தீர்ப்பு எழுதப் போதாது. ஆனாலும் 2017-ல் வெளியான எண்கள் யோசிக்க வைப்பவை. முதல் 30 நாளில் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது, சேர்த்துச் செய்தவர்களில் 18.5 சதவீதம், பைபாஸ் மட்டும் செய்தவர்களில் 9.7. சமீபத்தில் அறிகுறி வந்தவர்களின் கதை வேறு. அவர்களுக்குக் கழுத்தை முதலில் கவனிப்பது பற்றி டாக்டர்கள் கூடிப் பேசியாக வேண்டும். மற்றவர்களுக்கு, ரிப்போர்ட்டில் 60 சதவீதம் என்று இருந்தால் அதை அப்படியே விட்டுவிட்டு, ஆபரேஷன் நேரத்தில் அழுத்தம் இறங்காமல் பார்த்துக்கொள்வதே புத்திசாலித்தனம். "அடைப்பு இருக்குன்னு தெரிஞ்சும் விட்டுட்டாங்க" என்று டாக்டரைத் திட்டுபவர்கள் இதை ஒருமுறை படிக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரர்களுக்குக் கழுத்தில் படிவது நம் ஆசியர்களுக்கு மண்டையோட்டுக்குள் இருக்கும் குழாய்களில் அதிகம் படிகிறது. கழுத்து டாப்ளர் அங்கே எட்டிப் பார்க்காது. சந்தேகம் வலுவாக இருந்தால் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஆஞ்சியோ வேண்டும்.

சரி, பெருந்தமனியை எப்படிப் பார்ப்பது? ஓரளவு நெஞ்சு எக்ஸ்ரேயிலேயே சுண்ணாம்புக் கோடு தெரியும். மருந்து ஏற்றாத சாதாரண சி.டி. இன்னும் தெளிவாகக் காட்டும். சிலருக்குக் குழாய் முழுக்கச் சுண்ணாம்பேறிப் பீங்கான் ஜாடி போலாகிவிடும். டாக்டர்கள் அதைப் பீங்கான் என்றே அழைக்கிறார்கள். அதில் கிளாம்ப் போடக் கூடாது. நெஞ்சைத் திறந்த பிறகு சர்ஜன் விரலால் தடவிப் பார்ப்பதும் உண்டு. ஆனால் விரலுக்குத் தெரிவது கெட்டிச் சுண்ணாம்பு மட்டும். எளிதில் உதிரக்கூடிய மெத்தென்ற படிவு விரலை ஏமாற்றிவிடும். அதற்காகவே குழாயின் மேலேயே வைத்துப் பார்க்கும் சிறு அல்ட்ராசவுண்ட் கருவி இருக்கிறது. இது எல்லா ஆபரேஷன் தியேட்டரிலும் இருப்பதில்லை. இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

படிவு மோசம் என்று முன்கூட்டியே தெரிந்தால் ஆபரேஷனின் வரைபடமே மாறும். இந்தியாவில் 'பீட்டிங் ஹார்ட்' என்ற முறை வெகுவாகப் புழங்குகிறது: மெஷினில் போடாமல், துடிக்கிற இதயத்திலேயே தைப்பது. இதிலேயே வாதம் குறைந்துவிடும் என்று முதலில் நம்பினார்கள். 4,752 பேரை வைத்து, இந்திய மருத்துவமனைகளும் சேர்ந்து நடத்தி 2012-ல் வெளிவந்த கரோனரி என்ற ஆய்வில் 30 நாள் பக்கவாதம் இரண்டு முறையிலும் ஏறத்தாழ ஒன்றுதான், 1.0-வும் 1.1-ம். காரணம் யோசித்தால் புரியும். மெஷினைத் தவிர்த்தாலும், சிரையைத் தைக்கப் பெருந்தமனியின் பக்கவாட்டில் கிளாம்ப் போட்டார்களே! ரெஞ்ச் வேறு, திருகல் அதேதான். பெருந்தமனியைத் தொடவே தொடாமல், மார்புச் சுவரின் உட்புறம் ஓடும் தமனிகளையே திருப்பி, அவற்றிலிருந்தே கிளை பிரித்துத் தைத்தால்தான் வித்தியாசம் தெரிகிறது. 2017-ல் 37,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் தரவுகளைத் தொகுத்தபோது, வழக்கமான முறையைவிட இதில் பக்கவாதம் 78 சதவீதம் குறைவு. வேறுவேறு ஆய்வுகளை ஒட்டுப்போட்டு வந்த எண். அப்படியே நம்பிவிடக் கூடாது. தினமும் இப்படியே தைத்துப் பழகிய கை என்றால்தான் பலனும் உண்டு. ஆனால் திசை தெளிவு.

இவ்வளவு தலைவலி எதற்கு, ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாமே? நியாயமான கேள்வி. சர்க்கரை நோயாளிகள் 1,900 பேரை வைத்து நடந்து 2012-ல் வெளிவந்த ஃப்ரீடம் ஆய்வு இதற்குப் பதில் சொன்னது. ஐந்தாண்டு முடிவில் பக்கவாதம், ஸ்டென்ட் வைத்தவர்களில் 2.4 சதவீதம், பைபாஸ் செய்தவர்களில் 5.2. பயம் பொய்யில்லை, பார்த்தீர்களா? அதே தாளில் அடுத்த வரி: இறந்தவர்கள் ஸ்டென்ட் பக்கம் 16.3 சதவீதம், பைபாஸ் பக்கம் 10.9. மாரடைப்பு 13.9-க்கு 6. அதாவது சர்க்கரையும் பல அடைப்புகளும் உள்ள 100 பேரில் பைபாஸால் கூடுதலாக மூவருக்குப் பக்கவாதம். கூடுதலாக ஐந்து பேர் உயிரோடு. கூடுதலாக ஐந்து பேர் பிழைப்பதை வாதத்துக்குப் பயந்து கைவிடலாமா என்பதைக் குடும்பம்தான் உட்கார்ந்து பேச வேண்டும். என்னைக் கேட்டால், நான் பைபாஸ் பக்கம். ஆனால் அந்த மூவரில் ஒருவராக நம் அப்பா வராமலிருக்க என்ன வழி என்று தேடிவிட்டு.

தேடும் கருவிகளில் ஒன்று மதிப்பெண் கணக்கு. அமெரிக்க நெஞ்சு அறுவைச் சங்கத்தின் கணக்கி இணையத்தில் திறந்தே கிடக்கிறது. வயது, ஆணா பெண்ணா, சர்க்கரை, கிரியாட்டினின், இதயம் பம்ப் செய்யும் அளவு, அவசர ஆபரேஷனா, நிதானமாக நாள் குறித்ததா என்று வரிசையாகக் கேட்டு, மரணத்துக்கு ஒரு சதவீதம், பக்கவாதத்துக்குத் தனியாக ஒரு சதவீதம் தரும். ஐரோப்பாவின் யூரோஸ்கோர் மரணத்தை மட்டும் சொல்லும். இரண்டும் நம் ஊர் உடம்புகளை வைத்து வார்த்தவை அல்ல. நம்மவர்களுக்குச் சர்க்கரை அதிகம், நோய் வரும் வயது குறைவு. எனவே அந்த எண்ணை ஜாதகம் போல எடுத்துக்கொள்ளாமல், எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்ற கைகாட்டியாக வைத்துக்கொள்வது நல்லது.

அந்தக் கணக்கியில் ஒரு கேள்வி: முன்பு எப்போதாவது பக்கவாதமோ, சற்று நேரம் வந்து போன வாதமோ உண்டா? கட்டைப் பையில் விடை இல்லாத கேள்வி இது. எந்த லேபும் இதற்கு ரிப்போர்ட் தராது.

நம் கார்டு ஐயா டாக்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். "முன்னாடி வாதம் ஏதாவது?" "சேச்சே, அதெல்லாம் இல்லை டாக்டர்." எதிரில் இருக்கும் இளம் டாக்டர் 'இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பார். நல்லவேளை, பேனாவை வைத்துவிட்டு அம்மாவின் பக்கம் திரும்புகிறார். "ஏம்மா, எப்பவாவது கை மரத்துப் போறது, பேச்சு குழறுறது, ஒரு கண்ணுல திரை போட்ட மாதிரி இருக்கறது, அப்படி ஏதாவது வந்து தானா சரியாப் போயிருக்கா?"

அம்மா தயங்குகிறார். "ரெண்டு வருஷம் முன்னாடி, கார்த்திகை சமயம். காலைல காபி டம்ளர் வலது கையிலேர்ந்து நழுவிடுச்சு. என்னங்க ஆச்சுன்னு கேட்டா வாய் குழறுது. பத்து நிமிஷம் இருக்கும். அப்புறம் சரியாயிட்டார். பித்தம்னு நெனச்சு எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடுத்தேன்."

"அது தூக்கக் கலக்கம்" என்கிறார் ஐயா, எரிச்சலோடு.

தூக்கக் கலக்கம் வலது கையையும் பேச்சையும் மட்டும் தேர்ந்தெடுத்துத் தாக்காது. வலது கையும் பேச்சும் இடது மூளையின் இலாகா. அங்கே ஒரு சிறு கட்டி வந்து அடைத்து, தானே கரைந்து வழிவிட்டிருக்கிறது. மருத்துவத்தில் டி.ஐ.ஏ. என்பார்கள். வந்த சுவடே இல்லாமல் போய்விடுவதால் நாமும் மறந்துவிடுகிறோம். அந்தப் பத்து நிமிடம், ஏற்கெனவே ஒருமுறை சில் உதிர்ந்திருக்கிறது என்பதற்கான ஆதாரம். ஆபரேஷனுக்குப் பின் வரும் வாதத்துக்கு முந்தைய வாதத்தைவிட நம்பகமான முன்னறிவிப்புகள் குறைவு.

அந்த ஒரு பதிலால் என்னென்ன மாறுகிறது பாருங்கள். நரம்பியல் டாக்டர் ஒருவர் பார்க்கிறார். மூளை ஸ்கேன் எடுக்கிறார்கள். பழைய சிறு தழும்பு இருக்கிறதா என்று தெரியும். கழுத்து டாப்ளர். பெருந்தமனிக்கு சி.டி. எக்கோவை மறுபடி பார்த்து, இதயத்துக்குள்ளேயே கட்டி ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று தேடுகிறார்கள். 24 மணி நேரம் ஈ.சி.ஜி. மாட்டிவிட்டு, துடிப்பு நடுவில் தடம் புரள்கிறதா என்று கவனிக்கிறார்கள். மேலறை நடுக்கம் ஏற்கெனவே இருப்பவர் என்றால், இதய ஆபரேஷனின்போதே அந்த மூலைப் பையைக் கட்டி மூடிவிடலாம். சுமார் 4,800 பேரைக் கொண்டு நடத்தி 2021-ல் வெளிவந்த ஆய்வில், பக்கவாதமோ உடம்பில் வேறெங்காவது கட்டி போய் அடைப்பதோ மூடியவர்களுக்கு 4.8 சதவீதம், மூடாதவர்களுக்கு 7. மயக்க மருந்து டாக்டர் அழுத்தத்தை எந்த அளவுக்குக் கீழே விடக் கூடாது என்று முன்பே குறித்து வைக்கிறார். வாதம் வந்து சில வாரம்தான் ஆகிறது, இதயமும் பொறுக்கும் என்றால், தேதியையே தள்ளிப்போடுவார்கள். எல்லாம் ஒரு காபி டம்ளரின் புண்ணியம்.

மாத்திரை விஷயத்தில் நம்மவர்கள் செய்யும் ஒரு தவறைச் சொல்லாமல் போக முடியாது. ஆபரேஷன் தேதி குறித்ததும், "ரத்தம் நீர்த்துப் போகிற மாத்திரையெல்லாம் நிறுத்தணுமாம்" என்று எங்கோ கேட்டு, ஒரு வாரத்துக்கு முன்பே எல்லா டப்பாவையும் மூடி வைத்துவிடுகிறார்கள். க்ளோபிடோக்ரல் போன்றவற்றைச் சில நாள் முன்பு, வழக்கமாக ஐந்து நாள், நிறுத்தச் சொல்வார்கள், உண்மைதான். ஆஸ்பிரினைப் பெரும்பாலும் தொடரச் சொல்வார்கள். கொழுப்பு மாத்திரையைத் தொடர வேண்டும். துடிப்பைக் கட்டுக்குள் வைக்கும் மெட்டோபுரோலால் வகையைத் திடீரென்று நிறுத்தினால், ஆபரேஷனுக்குப் பிறகு மேலறை நடுக்கம் வரும் வாய்ப்பு கூடும். எது நிற்கும், எது தொடரும் என்று மாத்திரை வாரியாக டாக்டரிடமே எழுதி வாங்குங்கள்.

நடுக்கம் என்றதும் இன்னொன்று. பைபாஸ் முடிந்த இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள், மூன்றில் ஒருவர் வரை அந்த மேலறை நடுக்கத்துக்கு ஆளாகிறார்கள், அதுவரை அது இல்லாதவர்கள் உட்பட. பைபாஸ் பக்கவாதங்களில் ஏறத்தாழ பாதி, கண் விழித்து, குழந்தைகளிடம் பேசி, இட்லி சாப்பிட்ட பிறகு வருபவை. ஆகவே "ஆபரேஷன் சக்சஸ்" என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டபின் பக்கத்தில் இருப்பவர்கள் அசந்துவிடக் கூடாது. பேச்சு குழறினால், சிரிக்கும்போது வாய் ஒரு பக்கம் இழுத்தால், ஸ்பூன் நழுவினால், "மயக்க மருந்து இன்னும் தெளியல" என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். அந்த நிமிடமே நர்ஸைக் கூப்பிடுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று கேட்பார்கள். சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். சாதாரணமாக வாதத்துக்கு நாலரை மணி நேரத்துக்குள் போடும் கட்டி கரைக்கும் ஊசியை, நெஞ்சைத் தைத்து இரண்டு நாள் ஆனவருக்குப் போட மாட்டார்கள், ரத்தம் கசிந்துவிடும். கம்பி விட்டுக் கட்டியை இழுத்தெடுக்கும் வழி உண்டு, அதற்கும் நேரம்தான் முக்கியம். வீட்டுக்கு வந்த பிறகு நேர்ந்தால் 108.

அந்த கார்டு ஐயாவின் பைக்குள் இப்போது ஒரு தாள் கூடியிருக்கிறது. மகன் கைப்பட எழுதியது: என்ன மாத்திரை, எத்தனை வருஷமாக, சிகரெட் எப்போது விட்டார், நடந்தால் கால் பிடிக்குமா, இரண்டு வருஷம் முன் கார்த்திகையில் டம்ளர் நழுவியது, வலது கை, பேச்சுக் குழறல், பத்து நிமிடம். ஃபைலில் எல்லா ரிப்போர்ட்டுக்கும் மேலே அதை வைத்திருக்கிறார்.

உங்கள் வீட்டில் யாருக்காவது பைபாஸ் என்று சொல்லியிருந்தால் இன்றிரவே அப்படி ஒரு தாளை எழுதுங்கள். எழுதும்போது அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவைக் கொஞ்ச நேரம் வெளியே உலாத்தச் சொல்லுங்கள்.